அயலார் இட்ட பெயர்

போலந்து மொழியில் அச்சான ஐரோப்பிய நிலப்படம் ஒன்றை விரித்து வைத்து அதில் இத்தாலியைத் தேடுபவர் சற்றுத் திகைத்துப் போவார். காலணி வடிவத் தீபகற்பம் இருக்கும். ரோம், மிலான் முதலிய நகரங்களும் தத்தம் இடத்தில் இருக்கும். ஆனால் நாட்டின் மீது எழுதியிருக்கும் பெயர் 'வ்வொஹி'. அண்டை நாடான ஜெர்மனியின் மீதோ 'நியெம்த்ஸி' என்று எழுதியிருக்கும். இவ்விரண்டும் முதலில் மக்களின் பெயர்கள். பின்னரே அவர்கள் வாழும் மண்ணுக்கு ஆகிவந்தவை. முன்னதன் வேர்ப்பொருள் வேற்றார் என்பது. பின்னதன் வேர்ப்பொருள் ஊமையர். தங்கள் நாட்டை அண்டை வீட்டார் 'ஊமையர்' என்று அழைப்பதை ஜெர்மானியர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. போலந்து மக்களிலும் பெரும்பாலோர் அச்சொல்லுக்குள் உறங்கும் பொருளை நினைத்துக்கொண்டு அதைச் சொல்வதில்லை. ஆயினும் சொல்லுக்குள் பொருள் உறங்குகிறதே தவிர இறந்துவிடவில்லை என்பதை ஐரோப்பிய வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

ஒரு மக்கள்கூட்டம் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர் ஒன்று. அயலார் அதற்கு இடும் பெயர் வேறொன்று. ஐரோப்பிய மொழிகளில் இவ்விரண்டும் பொருந்திப் போவதைக் காட்டிலும் முரண்படுவதே மிகுதி. அயலார் இட்ட பெயர்களுள் சிலவற்றின் பயணத்தை இங்கே பின்தொடர எண்ணுகிறோம். சொல்லாராய்ச்சி என்பது அகராதிக்குள் நடக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்போர் உண்டு. ஒரு சொல்லால் ஒரு மனிதனின் உயிருக்கு விலை குறிக்கப்பட்ட காலமும் இருந்தது. அவ்விலையைப் பின்னே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஊமையர். பழைய ஸ்லாவிய மொழியில் 'நேம்' என்றால் பேச்சற்றவன். அதிலிருந்து பிறந்தது 'நேமெத்ஸ்'. நம் மொழி பேசாதவன் பேசத் தெரியாதவன் என்பதே இப்பெயரின் தருக்கம். ரைன் கரையில் வாழ்ந்த நெமெத்தெஸ் என்னும் குடியின் பெயரோடு இதனைத் தொடர்புபடுத்திய அறிஞர்களும் உளர். எனினும் ஊமை என்னும் விளக்கமே பெரும்பான்மையோர் ஏற்பது. கிரேக்கர் இதே வேலையைச் சற்று வேறு விதமாகச் செய்தார்கள். அயலான் பேசுவது அவர்கள் செவிக்குப் 'பர் பர்' என்று கேட்டது. எனவே அவன் 'பார்பரோஸ்' ஆனான். ஹோமரின் இலியத்தில் காரியர் என்னும் குடியினருக்கு இவ்வேரிலிருந்து அமைந்த அடைமொழி ஒன்று வருகிறது. அங்கே அது அவர்களுடைய பேச்சை மட்டுமே குறிக்கிறது, காட்டுமிராண்டித்தனத்தை அன்று. பாரசீகப் போர்களுக்குப் பின்னரே அச்சொல்லில் இகழ்ச்சி ஏறியது.

ஸ்லாவியரின் 'ஊமை'க்கு வாய்த்த பயணமோ இன்னும் விந்தையானது. ரஷ்யாவில் நெடுங்காலம் இச்சொல் ஜெர்மானியரை மட்டும் குறிக்கவில்லை. ரஷ்ய மொழி அறியாத மேலைநாட்டார் அனைவரும் 'நேமெத்ஸ்'தான். 1652ஆம் ஆண்டு ஜார் அலெக்சியின் ஆணைப்படி மாஸ்கோவின் அயல்நாட்டார் அனைவரும் நகருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். 'நேமெத்ஸ்காயா ஸ்லொபதா' என்று அதற்குப் பெயர். 'ஜெர்மானியர் குடியிருப்பு' என்று இதனை மொழிபெயர்ப்பது வழக்கம்; ஆனால் அங்கே ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலேயர், ஒல்லாந்தர் எல்லாரும் வாழ்ந்தார்கள். பேட்ரிக் கோர்டன் என்னும் ஸ்காட்லாந்துத் தளபதியும், ஜெனீவாவில் பிறந்த ஃபிரான்ஸ் லெஃபோர்ட்டும் அங்கே குடியிருந்தவர்களே. இளம் பீட்டர் இந்த 'ஊமையர்' வீடுகளுக்குப் போய் வந்துதான் மேற்கைக் கற்றுக்கொண்டார்.

ஸ்லாவியரிடமிருந்து இச்சொல்லை ஹங்கேரியர் 'நேமெத்' என்றும், ருமேனியர் 'நேம்த்ஸ்' என்றும் வாங்கிக்கொண்டனர். துருக்கியர் வியன்னாவின் வாயிலில் நின்றபோது எதிரே கண்ட ஹாப்ஸ்பர்க் நாட்டுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'நெம்சே'. அரபு மொழியில் இன்றைக்கும் ஆஸ்திரியா 'அந்-நம்சா'தான். ஜெர்மனிக்கு அரபியர் வைத்திருக்கும் பெயர் 'அல்மானியா'. ஆக, ஸ்லாவியர் ஜெர்மானியரை இகழ்ந்த சொல் அரபு மொழியில் ஜெர்மனியை விட்டு நீங்கி, ஆஸ்திரியக் குடியரசின் பெயராக அமர்ந்திருக்கிறது.

அயலானை ஊமை என்றவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள்? 'ஸ்லோவேனே' என்று. 'ஸ்லோவோ' என்றால் சொல். எனவே ஸ்லாவியர் என்றால் 'சொல்லுடையோர்', அதாவது ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்கும் கூட்டத்தார் என்று பலர் விளக்குவர். இடப்பெயரிலிருந்து வந்ததென்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். எவ்வாறாயினும், ஊமையர் என்ற பெயருக்கு எதிர்நிலையாக வைத்துப் பார்க்கையில் முதல் விளக்கமே நம் மனத்தைக் கவர்கிறது.

ஆனால் சொல்லுடையோரின் பெயருக்கு அயலார் கையில் நேர்ந்த கதி ஊமையர் பெயருக்கு நேர்ந்ததினும் கொடியது. ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியக் கிரேக்கர் இவர்களை 'ஸ்க்ளாபெனோய்' என்று எழுதினர். லத்தீனில் அது 'ஸ்க்ளாவுஸ்' ஆயிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கேயும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் பிடிக்கப்பட்ட ஸ்லாவியர், அக்காலத்தில் இன்னும் கிறித்துவம் தழுவாதவர்கள், பெருந்தொகையில் விற்கப்பட்டனர். பத்தாம் நூற்றாண்டில் பிராகா நகருக்குச் சென்ற இப்ராஹிம் இப்னு யாகூப் அங்கே அடிமை வணிகம் நடந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் கிரெமோனாவின் லியுத்பிராண்ட், வெர்டுன் நகர வணிகர்கள் சிறுவர்களை விதையடித்து ஸ்பெயினுக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டியதை எழுதியிருக்கிறார். கொர்தோபாவின் அரண்மனையில் இவ்வாறு வந்து சேர்ந்தவர்களுக்கு 'சகாலிபா' என்று பெயர். அதுவும் ஸ்லாவியர் என்பதன் அரபு வடிவமே. அவர்களுள் சிலர் படைத்தலைவர்களாக உயர்ந்து, பதினோராம் நூற்றாண்டில் கலீபா ஆட்சி சிதறியபோது அல்மேரியா, வலென்சியா போன்ற நகரங்களை ஆண்டதும் உண்டு.

பழைய லத்தீனில் அடிமைக்கு 'செர்வுஸ்' என்று ஒரு சொல் இருந்தது. ஆனால் இடைக்காலத்தில் அது நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. சந்தையில் வாங்கி விற்கும் மனிதனுக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. சந்தையில் நின்றவன் ஸ்லாவியன். ஆகவே அவன் இனத்தின் பெயரே அவன் நிலையின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் ஸ்லேவ், பிரெஞ்சில் எஸ்க்ளாவ், ஜெர்மனில் ஸ்க்ளாவெ, ஸ்பானியத்தில் எஸ்க்ளாவோ, இத்தாலியத்தில் ஸ்கியாவோ. மேலை ஐரோப்பா முழுவதும் ஒரே சொல். பின்னாளில் ஆப்பிரிக்கரைக் கப்பலேற்றியபோதும் அவர்களுக்கு இந்தக் கிழக்கு ஐரோப்பிய மக்களின் பெயரையே சூட்டினார்கள்.

இத்தாலியின் வடகிழக்கில் வெனிஸ் நகரத்தார் பணிவோடு விடைபெறுகையில் 'தங்கள் அடிமை' என்னும் பொருளில் 'ஸ்சாவோ' என்பார்கள். அது தேய்ந்து 'சாவ்' ஆகி உலகெங்கும் நண்பர்கள் சொல்லிக்கொள்ளும் முகமனாகிவிட்டது. ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் 'செர்வுஸ்' என்று வணங்குகிறார்கள். அது அந்தப் பழைய லத்தீன் அடிமை. இரு அடிமைச் சொற்களும் முகமன்களாகப் பிழைத்துக்கொண்டன.

ஜெர்மானியரிடம் மீண்டும் வருவோம். ஐரோப்பாவில் இவ்வளவு பெயர் சுமந்த மக்கள் வேறு எவரும் இலர் எனலாம். பிரெஞ்சுக்காரர் அவர்களை 'அலெமானி' என்னும் ஒரு குடியின் பெயரால் அழைத்தனர்; ஸ்பானியரும் துருக்கியரும் அவ்வழியே. ஃபின்லாந்தினரும் எஸ்தோனியரும் சாக்சன் குடியின் பெயரைப் பிடித்துக்கொண்டு 'சக்சா' என்றனர். எஸ்தோனிய மொழியில் 'சக்ஸ்' என்றால் பெரிய துரை என்றும் பொருள். பல நூற்றாண்டுகள் அங்கே நிலவுடைமையாளர்கள் ஜெர்மானியராகவே இருந்ததால் இனப்பெயர் பதவிப்பெயராயிற்று. ஸ்லாவியருக்கு நேர்ந்ததன் தலைகீழ் வடிவம் இது. சீசரும் தாசிதஸும் வழங்கிய 'ஜெர்மானி' என்னும் பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். அது புதிதாக வந்து ஒட்டிய பெயர் என்று கி.பி. 98இல் தாசிதஸே எழுதிவிட்டார்.

அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட 'டாய்ச்' என்னும் பெயரோ இடத்தையோ குடியையோ குறிப்பதன்று. 'தெயுதா' என்றால் மக்கள். லத்தீனுக்கு மாறான, மக்கள் பேசும் மொழி என்பதே அதன் முதற்பொருள். இதன் லத்தீன் வடிவமான 'தியோதிஸ்குஸ்' என்பதன் மிகப் பழைய எழுத்துச் சான்று கி.பி. 786ஐச் சேர்ந்தது. ஓஸ்தியாவின் ஆயர் ஜார்ஜ் போப்பாண்டவருக்கு எழுதிய அறிக்கையில், ஒரு திருச்சபைக் கூட்டத்தின் முடிவுகள் லத்தீனிலும் மக்கள் மொழியிலும் படிக்கப்பட்டன என்கிறார். அக்கூட்டம் நடந்தது இங்கிலாந்தில். ஆக, ஜெர்மன் மொழியின் பெயர் முதன்முதலில் ஏட்டில் ஏறியபோது அது குறித்தது ஆங்கிலத்தை! அதே சொல்தான் இத்தாலியில் 'தெதெஸ்கோ' ஆகி ஜெர்மானியரையும், ஆங்கிலத்தில் 'டச்சு' ஆகிப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒல்லாந்தரையும் குறிக்கலாயிற்று.

குடிப்பெயர் ஒன்று வழிதவறி வெகுதூரம் போவதற்குத் தமிழிலேயே சான்று கிடக்கிறது. பிராங்கு என்பது ரைன் கரையில் வாழ்ந்த ஒரு ஜெர்மானியக் குடி. அக்குடி வென்ற நாடு பிரான்ஸ் ஆயிற்று. சிலுவைப் போர்க்காலத்தில் அரபியர் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயரால் அழைத்தனர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி' ஆகி, இந்தியக் கடற்கரையில் போர்த்துகீசியர் மீது ஏறியது. நம் பறங்கி அதுவே. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, ஏன், சமையலறையின் பறங்கிக்காய்கூட அந்த ரைன் கரைக் குடியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சங்க நூல்களின் 'யவனர்' என்னும் பெயரும் இவ்வாறே அயோனியா என்னும் ஒரு கிரேக்கப் பகுதியின் பெயர், பாரசீகர் வாயிலாகக் கிழக்கே நடந்து வந்ததுதான்.

இனி, தொடக்கத்தில் கண்ட வேற்றாருக்கு வருவோம். இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

கோல் நாட்டுப் போர்களைப் பற்றிய தம் நூலின் ஆறாம் பகுதியில் சீசர், ரைனுக்குக் கிழக்கே பெருங்காட்டை ஒட்டிய வளமான நிலத்தில் 'வோல்கே' என்னும் கெல்டியக் குடி வாழ்வதாகச் சொல்கிறார். ஜெர்மானியக் குடிகளுக்கு அண்மையில் வாழ்ந்த கெல்டியர் அவர்கள். அவர்கள் பெயரை ஜெர்மானியர் கடன் வாங்கி 'வல்ஹ' என்று ஆக்கிக்கொண்டனர். 'க' ஒலி 'ஹ' ஆனதற்கு 1822இல் யாக்கோப் கிரிம் வகுத்த ஒலிமாற்ற விதி காரணம் சொல்கிறது. (குழந்தைகளுக்கான கதைத் தொகுப்பால் நாம் அறிந்த அதே கிரிம்தான்.) அம்மாற்றம் நிகழ்வதற்கு முன்பே சொல் கடன் வாங்கப்பட்டிருக்க வேண்டும், எனவே இக்கடன் சீசரின் காலத்துக்கும் முற்பட்டது. பின்னர் ஒரு குடியின் பெயர் எல்லாக் கெல்டியருக்கும் பொதுவாயிற்று. கெல்டியர் நிலம் ரோமர் வசமாகி, அவர்கள் லத்தீன் பேசத் தொடங்கியதும், ரோமருக்கும் அதுவே பெயராயிற்று.

அகராதிகள் 'வல்ஹ' என்பதற்கு 'அயலான்' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் தந்துவிடுகின்றன. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் டோல்கீன் இதனை மறுத்தார். மோதிரக் கதையின் ஆசிரியராகப் பலர் அறிந்த அவர் தொழிலால் ஆங்கிலச் சொல்லாராய்ச்சியாளர். ஜெர்மானியர் எல்லா அயலாரையும் இப்படி அழைக்கவில்லை. ஹூணரையோ ஃபின்னியரையோ 'வல்ஹ' என்றதில்லை. கெல்டிய மொழியோ லத்தீனோ பேசிய ரோமப் பேரரசின் மக்களை மட்டுமே அவ்வாறு அழைத்தனர் என்பது அவர் கருத்தின் சாரம். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஐரோப்பாவின் நிலப்படத்தில் இச்சொல் விழுந்து கிடக்கும் இடங்களைக் கோடிட்டு இணைத்தால் ரோமப் பேரரசின் வடக்கு எல்லையே கிடைக்கிறது.

அக்கோட்டின் மேற்கு முனை பிரிட்டன். ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஆங்கில-சாக்சன் குடிகள், அத்தீவின் பழங்குடிகளை 'வெயால்ஹ்' என்றனர். பன்மையில் 'வெயாலாஸ்'. அதிலிருந்து வேல்ஸ். கார்ன்வாலின் பின்பாதியும் அதுவே. வந்தேறியவர்கள், இருந்தவர்களை அயலார் என்று அழைத்த விந்தை இது.

விந்தை என்று கடந்துபோக விடாமல் சட்டம் நம்மை நிறுத்துகிறது. வெஸ்ஸெக்ஸ் அரசன் இனெ ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சட்டங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அக்காலத்தில் ஒருவனைக் கொன்றவன் அவன் உறவினர்க்கு உயிர்விலை செலுத்த வேண்டும். சுதந்திரமான சாதாரண ஆங்கிலக் குடியானவனின் உயிர்விலை 200 ஷில்லிங். ஒரு 'ஹைடு' நிலம், அதாவது ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம், வைத்திருக்கும் 'வெயால்ஹ்' ஒருவனின் விலை 120 ஷில்லிங். அரை ஹைடு வைத்திருந்தால் 80. நிலமே இல்லையென்றால் 60. ஒரே வயல்வெளியில் ஒரே கலப்பையைப் பிடிக்கும் இருவருள் ஒருவன் உயிர் மற்றவன் உயிரினும் மலிவு. காரணம் அவன் பேசும் மொழியும் அதற்கு இடப்பட்ட பெயரும். இத்தகைய சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை வாழ்ந்தால் பிள்ளைகளுக்கு எந்த மொழியைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தென் இங்கிலாந்தில் பிரித்தானிய மொழி ஏன் சுவடின்றி மறைந்தது என்ற கேள்விக்குப் படையெடுப்பையும் படுகொலையையும் மட்டுமே விடையாகச் சொல்லி வந்த காலம் ஒன்று இருந்தது. இந்த விலைப்பட்டியலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டென்று கருதுகிறோம். காலம் செல்லச் செல்ல மேற்குச் சாக்சன் வழக்கில் 'வெயால்ஹ்' என்பதே அடிமை என்று பொருள்படலாயிற்று. அதன் பெண்பால் வடிவம் அடிமைப்பெண்ணுக்கு வழங்கியது. ஸ்லாவியருக்கு நேர்ந்தது பிரித்தானியருக்கும் நேர்ந்தது. ஆனால் இவ்வழக்கு ஆங்கிலத்தில் நிலைக்காமல் ஒழிந்தது.

ஒழியாமல் நின்றது ஒரு கொட்டை. நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கும் பருப்புக்கு ஆங்கிலத்தில் வால்நட் என்று பெயர். 'வல்ஹ' நாட்டுக் கொட்டை என்பதே பொருள். இங்கே அந்நாடு வேல்ஸ் அன்று, கோலும் இத்தாலியும். போலந்திலும் இது 'வ்வொஸ்கி' கொட்டை, அதாவது இத்தாலியக் கொட்டை. சொல்லின் வேரும் அதே வேர். ரஷ்யருக்குக் கிரேக்கக் கொட்டை. பழைய கிரேக்கருக்கோ அது பாரசீகக் கொட்டை. வேல்ஸ் மக்கள் தங்கள் மொழியில் இதனைப் பிரெஞ்சுக் கொட்டை என்கிறார்கள். யாரும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளாத ஒரு கொட்டை!

ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் 'வாலோன்' வருகிறது. பெல்ஜியத்தின் தென்பாதியில் பிரெஞ்சு பேசுவோர்க்கு அவர்களின் வடக்கு அண்டையரான ஃப்ளெமிஷ் மக்கள் வழங்கும் பெயர் 'வாலென்'. அங்கிருந்து ரைன் வழியே மேலேறினால் சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதிக்கு ஜெர்மன்மொழிச் சுவிஸ் மக்கள் 'வெல்ஷ்' நாடு என்று பெயர் வைத்திருப்பதைக் காணலாம். ஆல்ப்ஸுக்கு அப்பால் இத்தாலியரும் 'வெல்ஷ்'தான். புரியாத உளறல் பேச்சுக்கு ஜெர்மனில் 'கௌடர்வெல்ஷ்', திருடர்களின் மறைமொழிக்கு 'ரோட்வெல்ஷ்'. ஆக மீண்டும் கிரேக்கரின் 'பர் பர்'.

பெல்ஜியத்தில் சற்று நிற்க வேண்டும். லூவன் நகரில் 1425இல் தொடங்கப்பட்ட தொன்மையான கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரம் ஃப்ளெமிஷ் பகுதியில். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பிரிவும் டச்சுப் பிரிவும் இருந்தன. மொழி எல்லை சட்டப்படி வரையறுக்கப்பட்ட 1960களில், பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டுமென்று ஃப்ளெமிஷ் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். அவர்கள் எழுப்பிய முழக்கம் 'வாலென் பௌட்டன்'. வாலோன்களே வெளியேறுங்கள் என்று பொருள். அதிகாரமும் செல்வமும் நெடுங்காலம் பிரெஞ்சு மொழியின் பக்கமே இருந்தன என்பதையும், ஃப்ளெமிஷ் மக்களின் குறைக்கு அடிப்படை இருந்தது என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான அந்த வேர்ச்சொல், 'நீ இவ்விடத்தான் அல்லன்' என்னும் தன் பழைய வேலையைச் செய்வதை அம்முழக்கத்தில் கேட்கிறோம். 1968 பிப்ரவரியில் இச்சிக்கலால் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பிரிவுக்காக மொழி எல்லைக்குத் தெற்கே ஒரு புதிய நகரமே எழுந்தது; புதிய லூவன் என்பதே அதற்குப் பெயர். நூலகத்தையும் பிரித்தார்கள்: அடுக்கு எண் ஒற்றைப்படையாக இருந்த நூல்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம்! நூல்களை நேசிப்போர் எவருக்கும் வயிறு எரியும்.

ஜெர்மானியரிடமிருந்து இச்சொல்லை ஸ்லாவியர் 'வ்லாஹ்' என்று வாங்கினர். போலந்தின் 'வ்வொஹி' இங்கிருந்து வந்ததே. பால்கன் நாடுகளில் லத்தீன் வழிமொழி பேசும் ஆட்டிடையர்களுக்கு அது பெயராயிற்று. கிரேக்கத்தில் 'வ்லாஹோஸ்' என்றால் இன்றும் பட்டிக்காட்டான் என்று ஒரு பொருளுண்டு. ஹங்கேரியர் இச்சொல்லை இரண்டு வடிவங்களில் கடன் வாங்கினர்: இத்தாலியனுக்கு 'ஓலஸ்', ருமேனியனுக்கு 'ஓலாஹ்'. முன்னது மதிப்பானது. பின்னது இகழ்ச்சி. வேர் ஒன்றே, ஆள் யார் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது.

டான்யூப் நதிக்கு வடக்கே இருந்த சிற்றரசை உலகம் 'வலாக்கியா' என்றது. அங்கு வாழ்ந்தோர் தங்களை ஒருபோதும் அவ்வாறு அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது 'ருமேனிய நாடு'. தாங்கள் 'ருமின்', அதாவது ரோமர். ஆனால் இந்தப் பெருமிதமான பெயருக்கும் உள்ளூரிலேயே ஓர் இழிவு நேர்ந்தது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைக்கு வலாக்கியாவில் வழங்கிய சொல்லும் 'ருமின்' என்பதன் மற்றொரு வடிவமே. 1746இல் கான்ஸ்தாந்தின் மவ்ரோகோர்தாத் என்னும் ஆட்சியாளர் அப்பிணைப்பை நீக்கினார். அயலார் இட்ட பெயரில் வேற்றான். சொந்தப் பெயரில் பண்ணையடிமை. இரண்டுக்கும் நடுவே நின்றான் அந்தக் குடியானவன்.

வடக்கே திரான்சில்வேனியாவில் நிலைமை இதனினும் கடினம். அங்கே 1437இல் ஹங்கேரியப் பிரபுக்களும் சாக்சன்களும் செக்லர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அம்மூவரே 'இனங்கள்'. எண்ணிக்கையில் பெருந்தொகையினராக இருந்தும் ருமேனியர் அவ்வரிசையில் இல்லை. 1791இல் ருமேனிய அறிஞர்களும் குருமாரும் பேரரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். தாங்கள் டிராஜன் குடியேற்றிய ரோமரின் வழித்தோன்றல்கள், இம்மண்ணின் பழைய குடிகள், எனவே ஏனைய இனங்களுக்கு நிகரான உரிமை வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. ஆனால் விண்ணப்பத்தின் லத்தீன் தலைப்பில் அவர்கள் பெயர் 'வலாக்கியர்' என்றே இருக்கிறது. வேற்றார் அல்லர் என்று நிறுவ எழுந்த ஏடு, வேற்றார் என்னும் பெயரைத் தலையில் தாங்கிக்கொண்டுதான் பேரரசரிடம் போயிற்று. அவர் அதனைக் குளுஷ் நகரில் கூடிய மன்றத்துக்கு அனுப்பினார், மன்றம் மறுத்துவிட்டது. 1866ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் ருமேனியா என்னும் பெயர் நிலைபெற்றபோது, 'வலாக்கியா' ஒரு வட்டாரப் பெயராகச் சுருங்கியது.

கெல்டியரும் இவ்விளையாட்டில் சளைத்தவர்கள் அல்லர் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் 'கால்' என்றால் அயலான். கோல் நாட்டான் என்பதே மூலம். வைக்கிங்குகள் வந்தபோது அவர்கள் 'கால்'. பின்னர் நார்மன்களும் ஆங்கிலேயரும் 'கால்'. டோனிகால் என்னும் ஊர்ப்பெயருக்கு அயலார் கோட்டை என்று பொருள். ஒரு கெல்டியக் குடியின் பெயரால் ஜெர்மானியர் அயலாரைச் சுட்ட, இன்னொரு கெல்டிய நிலத்தாரின் பெயராலேயே ஐரிஷ் கெல்டியரும் அயலாரைச் சுட்டினார்கள்.

வேல்ஸ் மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'கம்ரி'. 'கொம்ப்ரொகி' என்னும் பழைய பிரித்தானியச் சொல்லின் தேய்வு. ஒரே நாட்டார், உடன் வாழ்வோர் என்று பொருள். நாட்டின் பெயரும் ஒலிப்பில் 'கம்ரி'தான். எழுத்தில் மட்டும் ஓர் எழுத்து மாறும். வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் இப்பெயர் தங்கியிருக்கிறது. ஒரே மக்களுக்கு ஒரு மொழியில் 'உடன் வாழ்வோர்' என்றும் மறுமொழியில் 'வேற்றார்' என்றும் பெயர்.

1746இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 'இங்கிலாந்து' என்று வருமிடமெல்லாம் வேல்ஸையும் சேர்த்தே கொள்க என்றது. அப்பகுதி 1967 வரை உயிரோடிருந்தது. 1847இல் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய்ந்து மூன்று ஆணையர்கள் அறிக்கை அளித்தனர். மூவருக்கும் அம்மக்களின் மொழி தெரியாது. நீல அட்டையிட்ட அத்தொகுதிகள் வெல்ஷ் மொழியையே மக்களின் பின்னடைவுக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் காரணமாகச் சுட்டின. 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் இன்றும் அதனை நினைவில் வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமிருந்தது. அதில் வெல்ஷ் கூடாது என்பதன் முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அக்குழந்தை, வெல்ஷ் பேசும் மற்றொரு குழந்தையைக் கண்டால் மரத்துண்டை அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அக்குழந்தைக்கு அடி. அக்கட்டையில் பொறித்த பெயர் இனெயின் சட்டத்தில் 60 ஷில்லிங் விலை பெற்ற அதே பெயர்தான்.

2011இல் வெல்ஷ் மொழி வேல்ஸில் அலுவல் மொழி எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில், ஸ்னோடோனியா தேசியப் பூங்காவின் ஆட்சிக்குழு ஒரு முடிவெடுத்தது. உலகம் ஸ்னோடன் என்று அறிந்த மலைக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் இனி வெல்ஷ் பெயர்களையே வழங்குவது என்பது அம்முடிவு. ஸ்னோடன் என்பது பழைய ஆங்கிலத்தில் பனிக்குன்று. தொலைவிலிருந்து பார்த்தவர்கள் இட்ட பெயர். வெல்ஷ் மொழியில் மலையின் பெயர் 'அர் வித்வா'. சமாதிமேடு என்று பொருள். ரீட்டா என்னும் அரக்கன் அதன் உச்சியில் புதைந்து கிடக்கிறான் என்பது அவ்வூர்க் கதை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரெகன் பீக்கன்ஸ் பூங்காவும் தன் வெல்ஷ் பெயருக்குத் திரும்பியது. உச்சரிக்க முடியவில்லையே என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் சில முணுமுணுத்தன. ஆங்கிலேயருக்கு வெல்ஷ் மொழியில் இன்றும் வழங்கும் பெயர் 'சைசன்': சாக்சன்கள்.